சிரிக்கக் கூடாத அறை

சிரிக்கக் கூடாது என்று ஜெயவதனி தனக்குத் தானே மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டபோது, சுவர்த் தொலைக்காட்சியில் அந்தக் கார்ட்டூன் கொக்கு உட்காருவதற்கு ஒரு சாய்வுக் கதிரையை விரிக்கத் தொடங்கியிருந்தது. சத்தம் நிறுத்தப்பட்ட தொலைக்காட்சி. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்காகப் போட்டிருப்பார்கள் போல, அதன் கீழே ஒரு சிவப்புப் பாயும் சக்கரம் கழன்ற ஒரு மரக் காரும் கிடந்தன. இன்றைக்குப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. ஒன்பது கதிரைகள், ஐந்து பேர், ஒரு காவலாளி, கூரை மூலையில் கறுப்புக் கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு கமெரா. பத்தரைக்கு வரச் சொன்னார்கள், இப்போது பத்து ஐம்பது. உள்ளே போனால் நேர்காணல். ஏன் இந்த நாட்டுக்கு வந்தாய், ஏன் திரும்பிப் போக முடியாது என்று கேட்பார்கள், அவள் சொல்ல வேண்டும், அவள் சொல்வதை அவர்கள் நம்ப வேண்டும். நம்பினால் இருக்கலாம். நம்பாவிட்டால் என்ன என்பதை அவள் யோசிக்கப் போனாள், யோசனை அந்த வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து கொக்கின் மேல் உட்கார்ந்தது. பக்கத்தில் புஷ்பகாந்தி அக்கா. இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருசமான மனுசி, கோயிலில் பழக்கம், இரண்டு ரயில் மாறி இவளைக் கூட்டிக்கொண்டு வந்தவள். ரயிலில் ஏறியதிலிருந்து ஒரே பேச்சு. "வதனி, முகத்தைக் கொஞ்சம் பாத்து வைச்சிரும். உமக்கு இயல்பாவே சிரிச்ச முகம். உள்ள போய் ஆரும் 'ஹலோ' எண்டால் நீர் பல்லைக் காட்டிப் போடுவீர். பிறகு அவன் நினைப்பான், இவளுக்கு என்ன கஷ்டம் எண்டு." ஓம் அக்கா என்றாள் இவள். "அழச் சொல்லேல்லை. ஆனால் சிரிக்காதையும்." ஓம் அக்கா. அந்தக் கணத்திலிருந்து சிரிப்பு வயிற்றுக்குள் ஒரு தவளை மாதிரி வந்து குந்திக்கொண்டது.

இந்தக் கொக்கையும் அதன் கூட்டாளியையும் அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் கஷ்டம். தெரியாதவர்களாக இருந்தால் பார்க்காமல் இருந்திருப்பாள். அரசாங்கம் தங்க வைத்திருக்கிற வீட்டில் மாடியறை இவளுக்கு, கீழறை எரித்திரியாக்காரி செலாமுக்கும் அவளுடைய நாலு வயது மகள் ராஹேலுக்கும். காலை ஏழு மணிக்கு ராஹேல் எழும்பினால் வீடே எழும்ப வேண்டும், குசினியில் இருக்கிற சின்னத் தொலைக்காட்சியில் இவர்கள் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். இந்த நாட்டுக் கார்ட்டூன். ஒருத்தர் நெடிய கொக்கு, கழுத்தில் பச்சைச் சால்வை, எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் வைத்திருப்பவர். மற்றவர் உருண்டையான ஒரு பிராணி. எலியும் இல்லை, பன்றியும் இல்லை, மண்வெட்டி மாதிரிக் கைகள், இருக்கிறதோ இல்லையோ என்கிற கண்கள், நிலத்துக்குக் கீழே வீடு. அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் உண்டு, ராஹேல் சொல்லும்போது அது வேறு மாதிரிக் கேட்கும். ஜெயவதனி வைத்த பெயர் கொக்கர், உருண்டையர். கொக்கர் திட்டம் போடுவார், உருண்டையர் உதவி செய்வார், அந்த உதவியில் திட்டம் கவிழும். கவிழ்ந்ததும் இரண்டு பேரும் நிமிர்ந்து "ஓ டியர்" என்பார்கள். ஏழு மாதத்தில் அவளுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலம் முழுக்க இவர்களுடையது. தலையைப் பார்த்துக்கொள், இன்னொரு தடவை செய்து பார்ப்போம், இது என்னுடைய தவறு இல்லை, தேத்தண்ணீர் குடிக்கலாமா. வகுப்பில் படிப்பித்த அம்மா ஒருநாள் கேட்டாள், நீங்கள் எங்கே ஆங்கிலம் பழகினீர்கள், மிக மரியாதையாக இருக்கிறதே என்று. ஒரு கொக்கிடம் என்று சொல்ல அவளுக்குச் சொல் வரவில்லை. இப்போது அதுவே பயமாக ஏறியது. உள்ளே அந்த அதிகாரி எதையோ கேட்க, கணவனைக் கொண்டுபோன கதையை மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க, தன் வாயிலிருந்து "ஓ டியர்" என்று வந்துவிட்டால்? வரும். வரக் கூடாது என்றால் கட்டாயம் வரும். அவள் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள். கையில் இருந்த பிளாஸ்ரிக் உறை வியர்வையில் ஒட்டியது.

உறைக்குள் வாக்குமூலம், பதினொரு பக்கம். லோயர் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கியது. நல்ல பிள்ளை, இருபத்தாறு இருபத்தேழு வயசு, இங்கே பிறந்தது, தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்துப் பேசும். வாக்குமூலத்தில் எல்லாம் இருந்தது. பதினாறு வருசத்துக்கு முந்தி ஆயுதங்களோடு அவர்கள் வாகனத்தில் வந்தது, கணவர் குகதாசனை ஏற்றிக்கொண்டு போனது, அவள் ஏறி இறங்கிய அலுவலகங்கள், பிறகு காணாமல் போனவர்களுக்காகப் போட்ட போராட்டப் பந்தலில் அவள் அவருடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தது, அதற்காக அவளைத் தேடி வந்து விசாரித்தது, இரண்டாம் தடவை விசாரித்த விதம். நாலாவது பக்கம், பன்னிரண்டாவது பந்தி: அன்று நண்பகல் நானும் என் கணவரும் மதிய உணவு அருந்திக்கொண்டிருந்தோம். அவள் மனம் பதினொரு பக்கத்தையும் தாண்டி வந்து அந்தப் பந்தியில்தான் இடறியது, செருப்பு வார் கழன்ற மாதிரி, நடக்க நடக்க அதே இடத்தில். பிழை ஒன்றுமில்லை. சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வாசித்துக் காட்டியபோது லோயர் பிள்ளை கேட்டது, "சரியா, அன்ரி? ஏதும் விடுபட்டிருக்கா?" இல்லை என்றாள். பொய் சொன்னாளா? ஒரு ஆள் சோறு சாப்பிட்டான் என்பது உண்மையென்றால், சாப்பிடும்போது மூச்சும் விட்டான் என்று எழுத வேண்டுமா? வேண்டாம். ஆனால் அது மூச்சு இல்லை. தொலைக்காட்சியில் கொக்கர் சாய்வுக் கதிரையைத் தலைகீழாகத் திருப்பினார். கதிரை அவர் கழுத்தைக் கவ்விக்கொண்டது. உருண்டையர் தூரத்தில் நின்று யோசித்தார். அவள் கண்ணைத் தாழ்த்தித் தன் சப்பாத்தைப் பார்த்தாள். கமெரா பார்த்துக்கொண்டிருக்கும். கமெராவுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஒரு தாளில் எழுதுவார்: விண்ணப்பதாரி காத்திருக்கும் அறையில் சிரித்தார். அந்த ஒரு வரி இந்தப் பதினொரு பக்கத்தையும் தின்றுவிடும்.

மூச்சு இல்லை, சிரிப்பு. அன்றைக்கு மத்தியானம் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் அவள்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பூசணிக்காய்க் கறி புரைக்கேறி. குகதாசன் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். கடையைப் பூட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால், காலையில் கடைக்கு யார் யார் வந்தார்கள், எப்படி நடந்தார்கள், எப்படித் தும்மினார்கள் என்று எல்லாவற்றையும் நடித்துக் காட்டாமல் அவனால் சாப்பிட முடியாது. எழும்பி நிற்பான், கை கழுவாமலே நிற்பான். இவள் கதை தொடங்க முன்னமே சிரிக்கத் தொடங்கிவிடுவாள். "பொறடி, பகிடி இனித்தான் வருகுது" என்பான், அதற்கும் சிரிப்பாள். அப்படித்தான் அன்றைக்கும். வாகனம் வந்து வாசல் படலையடியில் நின்றது. நின்றிருக்கும். அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வளவு நாய் குரைத்தது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள், அப்படிக் குரைத்ததாம், தொண்டை கிழிய. அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முந்தி இதே மாதிரி ஒரு வாகனம் வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குள் திரும்பியபோது குகதாசனுக்குச் சத்தம் பிடிபட்டுவிட்டது. சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பின்வேலியில் ஆள் நுழையக்கூடிய ஓட்டையாக இருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து போனவன், ஆறு மணிக்குத்தான் சேட்டில் வேலிக் கிடுகுத் தும்போடு திரும்பி வந்தான். பொட்டு அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. எட்டு அடி தூரம். பன்னிரண்டு அடி என்றாலும் ஓடியிருப்பான். அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் கேட்டதெல்லாம் இவளுடைய சிரிப்பு. இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. மாமிக்குச் சொல்லவில்லை, பந்தலில் பக்கத்தில் இருந்த பெண்களுக்குச் சொல்லவில்லை. அவர்களெல்லாம் தங்கள் ஆட்கள் போன நேரத்தைச் சொல்லும்போது ஒருத்தி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பாள், ஒருத்தி சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன் என்பாள், இவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பாள். பதினாறு வருசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"வதனி, தண்ணி குடியும். முகம் எல்லாம் சிவந்து கிடக்கு." புஷ்பகாந்தி அக்கா போத்தலை நீட்டினாள். வேண்டாம் அக்கா. "பயப்பிடாதையும். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. நெடுகக் கதைக்கக் கூடாது. அவையள் கதைக்க விட்டுப் பாப்பினம், அதில பிழை பிடிப்பினம்." ஓம் அக்கா. எதிர்க் கதிரையில் ஒரு வயதானவர், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட பழைய கோட், மடியில் இவளுடையதைப் போலவே ஒரு பிளாஸ்ரிக் உறை. ஈரானோ, குர்திஷ் ஆளோ, வந்ததிலிருந்து ஜெபமாலை மணிகளைத் தள்ளிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மணிகள் நின்றுவிட்டன. அவர் தொலைக்காட்சியைப் பார்க்கிறார் என்று அவள் கண்டாள், கண்டதும் தன் கண்ணும் அங்கே போயிற்று. கொக்கரும் கதிரையும் ஒன்றாகிவிட்டிருந்தார்கள். நெடிய மெலிந்த கால்கள் இரண்டு கொக்கருடையவை, நெடிய மெலிந்த கால்கள் நாலு கதிரையுடையவை, ஆறும் ஒரே நிறம், எது யாருடையது என்று கொக்கருக்கே தெரியவில்லை. உருண்டையர் வந்தார். கண் தெரியாதவர். ஆறு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார். திருப்தியோடு தலையாட்டினார். பிறகு தன் சிறிய தொப்பியைக் கழற்றி, புத்தகத்தை எடுத்து, மிக ஆறுதலாகத் திரும்பிக் கொக்கரின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கொக்கரின் அலகு புத்தகத்துக்கு மேலாக எழும்பி வந்தது. உருண்டையர் அதைப் பிடித்துப் பக்கம் புரட்டப் பார்த்தார். எதிரே இருந்த மனிதரின் தோள்கள் ஆடின. ஒரு தடவை. அடக்கினார். மீசை நடுங்கியது. அவர் இவளைப் பார்க்க, இவள் அவரைப் பார்க்க, அந்தப் பார்வையில் எல்லாம் கையைவிட்டுப் போயிற்று. சத்தமே இல்லாமல், வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு, விலா எலும்பு நோக, கண்ணால் தண்ணீர் ஓட அவள் சிரித்தாள். அவர் உறையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வதனி! என்ன இது? நிப்பாட்டும்! ஐயோ, கமெரா!" அக்கா தொடையில் கிள்ளினாள். கிள்ளியது நோகவில்லை, அதுவும் சிரிப்பாய்த்தான் வந்தது. எவ்வளவு காலம். உடம்புக்கு இது மறந்துபோகவில்லையே என்று ஒரு பக்கம் ஆச்சரியம், மறுபக்கம் காது விறைத்துக்கொண்டு கேட்டது, வெளியே ஏதாவது வாகனம் நிற்கிறதா, நாய் குரைக்கிறதா, சிரிப்பின் கீழே என்ன சத்தம் வருகிறது, யார் வருகிறார்கள். அப்போது கதவு திறந்தது.

"ஜெயா... வடானி?" ஐம்பது வயசு இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நீலக் கம்பளிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ஜெயவதனி எழும்பினாள். முகம் நனைந்து, மூக்கு ஒழுகி, சால்வை ஈரமாய். அந்தப் பெண்மணி ஒரு கணம் அவளைப் பார்த்தாள், பிறகு அவளுடைய முகமே மாறிவிட்டது. குனிந்து மேசையிலிருந்து கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை எடுத்து நீட்டி, அவசரமில்லை, ஆறுதலாக வாருங்கள் என்றாள். அந்த ஆங்கிலம் ஜெயவதனிக்கு விளங்கியது. பின்னால் அக்கா மெல்ல மூச்சு விடுவது கேட்டது. கடவுளே காப்பாற்றினார் என்கிற மூச்சு. ஜெயவதனி ஒரு கைக்குட்டையை இழுத்து எடுத்தாள். கண்ணைத் துடைத்தாள். ஒழுங்கையைப் போல நீண்ட நடைவழியில் அந்தப் பெண்மணிக்குப் பின்னால் போகும்போது கைக்குட்டை அவள் உள்ளங்கையில் பாரமாக இருந்தது. நல்லதுதானே. அழுதாள் என்று நினைத்துக்கொள்ளட்டும். அக்கா சொன்னபடி எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. அழவேண்டிய நாட்களில் எவ்வளவோ அழுதிருக்கிறாள், அதில் ஒன்று இன்றைக்கு வந்து சேர்ந்தது என்று கணக்கு வைத்தால் என்ன. ஆனால் கால்கள் நடக்க நடக்க ஒரு கூச்சம் பரவியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் பரவிய அதே கூச்சம். அவர்களாக ஒன்றை நினைத்துக்கொள்ள, இவள் பேசாமல் இருந்துவிட்டால் போதும். பதினாறு வருசம் அப்படித்தானே போனது.

உள்ளே சின்ன அறை, மேசை, கணினி, ஜன்னலுக்கு வெளியே வாகனத் தரிப்பிடம். மேசையின் பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர், வழுக்கைத் தலை, யாழ்ப்பாணத்துப் பேச்சு. முதலிலேயே சொல்லிவிட்டார், "தங்கச்சி, நீங்கள் சொல்லுறதை நான் அவவுக்குச் சொல்லுவன், அவ கேக்கிறதை உங்களுக்குச் சொல்லுவன். அவ்வளவுதான் என்ர வேலை. நானாக ஒண்டும் கேக்க மாட்டன், நீங்களும் என்னோட தனியக் கதைக்கக் கூடாது." சரி ஐயா என்றாள். பெண்மணி ஏதோ சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார், "உங்களுக்கு மனசு சரியில்லாமல் இருந்தால் பத்து நிமிசம் பொறுத்துத் தொடங்கலாமாம். வெளியில அழுதுகொண்டு இருந்தீங்களாம்." இப்போது ஓம் என்றால் போதும். தலையாட்டினாலும் போதும். ஜெயவதனி கையில் கசங்கிக் கிடந்த கடதாசியைப் பார்த்தாள். "நான் அழேல்லை, ஐயா." அவர் காத்திருந்தார். "சிரிச்சனான். ரீவியில பகிடிப் படம் போச்சுது. அடக்கேலாமல் போச்சு." அவர் ஒரு நொடி அவளைப் பார்த்தார், எச்சரிப்பது போல, பிறகு கண்ணை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். பெண்மணி அதைக் கேட்டுவிட்டுக் கணினியில் தட்டினாள். தட்டிய சத்தம் மழை தூறுவது போல. அது என்ன வரியாக விழுந்ததோ தெரியாது. கேள்விகள் தொடங்கின. பெயர், பிறந்த இடம், திருமணமான வருசம், கணவரின் தொழில். அவள் சொன்னாள். ஒவ்வொரு மறுமொழியும் பழகிய படிகள், கால் தானாக இறங்கியது. பிறகு அந்தப் படி வந்தது. "அவையள் வந்த நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள் எண்டு கேக்கிறா." நாலாவது பக்கம், பன்னிரண்டாவது பந்தி. வாய் தயாராகத் திறந்தது. "சாப்பிட்டுக்கொண்டு..." என்றவள் நின்றாள். "சாப்பிட்டுக்கொண்டு சிரிச்சனாங்கள். நான்தான் பெலத்துச் சிரிச்சனான். அதால வாகனச் சத்தம் அவருக்குக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் பின்வேலியால போயிருப்பார். முதலும் ஒருக்கா அப்பிடிப் போனவர். இது உந்த வாக்குமூலத்தில இல்லை. நான் லோயர் பிள்ளைக்குச் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் மெதுவாகப் போயிற்று. பெண்மணி தட்டினாள், நிறுத்தினாள், திரையைப் பார்த்தபடியே ஒன்று கேட்டாள். "எதுக்குச் சிரிச்சனீங்கள் எண்டு கேக்கிறா." நம்பவில்லையா, சோதிக்கிறாளா? அக்கா சொன்னது போல நெடுகக் கதைக்க விட்டுப் பிழை பிடிக்கிறாளா? இருக்கலாம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜெயவதனிக்கு அது இனிப் பொருட்டாகத் தெரியவில்லை. "எங்கட ஊரில சிற்றம்பலம் மாஸ்ரர் எண்டு ஒராள். அண்டைக்குக் காலமை ஒரு கோழியோட சங்கக்கடைக்கு வந்தவர். கோழிக்கு வருத்தம். நிறையைப் பாத்துத்தான் மருந்து குடுக்க வேணுமாம், நிறுத்துத் தாங்கோ எண்டு இவரிட்டைக் கேட்டவர். கோழி தராசில நிக்குமே? நிக்காது. அதால மாஸ்ரர் கோழியைக் கமக்கட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு அரிசி மூட்டை நிறுக்கிற பெரிய தராசில தானே ஏறி நிண்டவர். அம்பத்தெட்டுக் கிலோ. இப்ப கோழியை விட்டிட்டு நில்லுங்கோ, கழிச்சுப் பாப்பம் எண்டு இவர் சொன்னவர். மாஸ்ரர் கோழியை விட்டவர், அது பறந்தடிச்சுக்கொண்டு மூட்டையளுக்குப் பின்னால ஓடிப் போயிட்டுது. முள்ளைப் பாத்தால் அப்பவும் அம்பத்தெட்டு." அவள் தன் கை உயர்ந்திருப்பதைக் கண்டாள். குகதாசன் அன்றைக்குக் கோழிக்குப் பதிலாகச் சுளகைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்ற மாதிரியே தானும் முழங்கையை மடித்து வைத்திருந்தாள். அவர் மொழிபெயர்க்கும்போது பெண்மணியின் வாயோரம் ஒரு இழுப்பு வந்து போனது. "மாஸ்ரர் கண்ணாடியைக் கழட்டினவராம். துடைச்சுப் போட்டுத் திரும்பவும் முள்ளைப் பாத்தவராம். பிறகு மூட்டைப் பக்கம் திரும்பிக் கோழியைப் பாத்திட்டு, இவரிட்டை ஒண்டு கேட்டவராம்."

அவர் இதையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். பெண்மணியின் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன. வெளியே யாரோ வாகனம் ஒன்றைப் பின்னால் எடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்திருந்தார். "பிறகு?" என்றார் அவர். கேட்டது தான்தான் என்று அவருக்கே ஒரு நொடி பிந்தித்தான் தெரிந்தது. "மாஸ்ரர் என்ன கேட்டவர், தங்கச்சி?"

"தெரியாது, ஐயா," என்றாள் ஜெயவதனி. "இவர் சொல்ல வாயைத் திறந்தவர். அதுக்குள்ள அவையள் வந்திட்டினம்."